மாலா-என், சாயா: இரண்டையும் போட்டுப் பார்த்ததில் என் மாதவிலக்கு எப்படி மாறியது

மூத்தவளுக்குப் பால் மறக்கடித்த பிறகு மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தேன், அடுத்த பிள்ளை வேண்டும் என்று நிறுத்தும்வரை வருஷக்கணக்கில் அதுதான். சின்னவன் பிறந்த பிறகு சாயா, அதுவும் கருத்தடை மாத்திரைதான். இரண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா காசில்லாமல் கொடுத்தது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவில் பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் எல்லாம் பேசுவார்கள், ஆனால் இந்த மாத்திரைப் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும், சொல்வதிலும் பாதி பயமுறுத்தல். அதனால்தான் எழுதுகிறேன்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 வெள்ளை, அதில்தான் ஹார்மோன். மீதி 7 பழுப்பு, வெறும் இரும்புச்சத்து. பழுப்பு தொடங்கிய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். முதல் மூன்று மாதம் எனக்கு இடையிடையே கறை பட்டது, மார்பு கனத்தது, குமட்டல் வேறு. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போட ஆரம்பித்ததும் குமட்டல் விட்டது, கறையும் தானாக நின்றது. இந்த மூன்று மாதம் பொறுக்காமல்தான் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

அதற்கப்புறம் வந்தது நிஜமான மாற்றம். முன்னெல்லாம் முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவேன். மாத்திரையில் உதிரப்போக்கு லேசாகி, வலி இருக்கிற இடம் தெரியவில்லை, தேதியும் சொன்னபடி வந்தது. எங்கள் அத்தைக்குத்தான் பயம். "ஏளா, கெட்ட ரத்தம் வெளிய வராம உள்ளயே தங்குனா கட்டி வந்துரும்லா" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் நர்சம்மாவிடம் போய் நின்றேன். உள்ளே தங்குவதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். மாத்திரை கருமுட்டை வெளிவருவதையே நிறுத்திவிடுகிறது, கர்ப்பப்பையின் உள்சவ்வும் தடிமனாக வளர்வதில்லை, அப்புறம் கழிவதற்கு என்ன இருக்கும்? பழுப்பு மாத்திரை நாட்களில் வருவது ஹார்மோன் நின்றதால் வரும் கசிவு, வழக்கமான மாதவிலக்கே இல்லை. கட்டி என்று பயப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வகை மாத்திரையால் சினைப்பை, கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் போடுகிற காலத்திலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வருஷக்கணக்கில் போட்டாலும் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது.

கோயில் கொடை வந்தால் எங்கள் பக்கம் பெண்கள் மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அது நாரெதிஸ்டிரோன், வேறு மாத்திரை, அந்த முறையில் போட்டால் கருத்தடைக்கு அதை நம்ப முடியாது. மாலா போடுகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை, பழுப்பை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்ந்தால் உதிரம் தள்ளிப்போகும்.

ஒரு நாள் விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு மீதியை வழக்கம்போல் தொடரலாம். இரண்டு வெள்ளை விட்டுப்போனால் ஒன்றை உடனே போட்டு, அடுத்த 7 நாள் ஆணுறையும் வேண்டும்.

நிறுத்திய பிறகு முதல் தடவை கொஞ்சம் தள்ளி வந்தது, அப்புறம் பழைய ஒழுங்கு, பழைய வலி. பிள்ளை தங்குவதிலும் தாமதம் இல்லை. நீர்க்கட்டி உள்ள என் தங்கச்சிக்கு மாத்திரை போட்டவரை மாதாமாதம் வந்தது, நிறுத்தியதும் மறுபடி இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போக ஆரம்பித்தது. மாத்திரை கசிவை ஒழுங்காக்கும், நீர்க்கட்டிப் பிரச்சினையை வேரோடு எடுக்காது.

சாயா வேறு ரகம். ஹார்மோன் கிடையாது, லக்னோ ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது, 1991ல் சஹேலி என்று கடைக்கு வந்த அதே மருந்து. பால் கொடுக்கும்போதும் போடலாம் என்பதால் எனக்கு அதைத் தந்தார்கள். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, நான் ஞாயிறும் புதனும் போட்டேன், அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும். இதில் கருமுட்டை வழக்கம்போல வரும், கரு கர்ப்பப்பையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் மாதவிலக்கின் இடைவெளி நீண்டுவிட்டது. நாற்பது நாள் தாண்டியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 நாளுக்கு மேல் தள்ளினால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், செய்தேன், ஒன்றும் இல்லை. நாளாக ஆக இடைவெளி குறைந்து வருகிறது.

மாலா எல்லோருக்கும் ஆகாது. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் பால் கொடுப்பவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி வந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் போடக்கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் மாலா சரியாக வேலை செய்யாது. நீர்க்கட்டி, சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்குச் சாயா ஆகாது. மாலா போடும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாயாவில் என் வயிற்றுவலி கொஞ்சமும் குறையவில்லை. சின்னவன் பால் மறந்ததும் பிரஷர் பார்த்துவிட்டு மாலாவுக்கே திரும்பப்போகிறேன், அத்தையிடமும் சொல்லியாயிற்று.