ஆயில் லைட் எரிந்தால் சுவிட்சை மாற்றவா, கேஜ் மாட்டவா, கெட்டி ஆயில் ஊற்றவா?

பழைய கேம்பர் வேனில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் அளவு சரியாக இருந்தும் லைட் எரிகிறதா? அப்போதுதான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்.

சுவிட்சை, அதாவது ஆயில் பிரஷர் குறைந்தால் லைட்டை எரியவைக்கும் சுவிட்சை, மாற்று என்பது ஒரு கட்சி. மலிவு, சின்ன வேலை. வயர் செருகும் இடத்தில் ஆயில் கசிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, வயரைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் லைட் அணையவில்லை என்றால் வயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. அணைந்தால் வயர் நல்லது என்று மட்டும்தான் அர்த்தம். பிரஷர் பற்றி ஒன்றும் தெரியாது. ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் வாட்டர் கூல்டு பெட்ரோல் இன்ஜின்களில் பிந்தையவற்றுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. 0.3 பார் (பிரஷரின் அலகு) சுவிட்ச் போக 0.9 பாருக்கு இரண்டாவது ஒன்று இருக்கும், அது தலைகீழாக வேலை செய்யும்: பிரஷர் ஏறினால்தான் இணைப்புக் கொடுக்கும். அதன் வயர் கழன்றாலே 2000 ஆர்பிஎம்-க்கு மேல் பஸர் கத்தும், பிரஷர் நன்றாக இருந்தாலும்.

என் ஓட்டு, பிரஷரை முள்ளால் நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜுக்குத்தான். சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் சரியான மரை உள்ள அடாப்டரோடு மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த இன்ஜினும் அப்போது நல்ல பிள்ளையாக நடிக்கும். அந்த டி3-இல் ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது 2000 ஆர்பிஎம்-இல் குறைந்தது 2 பார் வேண்டும். ரீடிங் சரி என்றால் சுவிட்சோ வயரோதான். ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் பேரிங் தேய்மானமாக இருக்கலாம், ஆயிலில் பெட்ரோல் கலந்தும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். எந்த வேகத்திலும் ஏறவில்லை என்றால் பம்ப், திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் வால்வு), அடைத்த ஆயில் சல்லடை என்று தேட வேண்டும்.

கெட்டி ஆயில்? 20டபிள்யூ-50 ஊற்றினால் முள் கொஞ்சம் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும். காரணம் தெரிந்தபின், கம்பெனி அட்டவணை உங்கள் ஊர்க் குளிருக்கு அனுமதித்தால் ஊற்றலாம். காரணம் தேடும்போது ஊற்றினால் தடயம்தான் மறையும்.

கேஜும் குறைவாகவே காட்டினால் ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பு நிறத் துகள் மின்னினாலோ, இன்ஜின் அடியில் தட்டும் சத்தம் கேட்டாலோ, வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும்.