ஏற்காடு ஏற்றத்தில் டர்போ படுத்தால்: ஸ்கேனரா, கைப் பம்பா, மாற்று டர்போவா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். என் டீசல் கார் ஒன்பதாவது வளைவு வரை சளைக்காமல் ஏறும். பத்தாவதில் திரும்பி, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்ததுபோல இழுவை செத்துவிடும். கரும்புகை இல்லை, புதிதாகச் சத்தம் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை. ஓரங்கட்டி, சாவியை அணைத்து, மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காததுபோலப் பாய்ந்து ஏறும். சேலம் ஊருக்குள், அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் வாரம் முழுக்க ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

2011 மாடல், 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. எனக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன. ஒரு பட்டறை, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது, பழுது நீக்கிய டர்போ 28,000 ரூபாய் என்றது. நண்பர் ஒருவர், காரின் கணினி பதியும் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கச் சொன்னார். கோரிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக், "முதலில் வேக்யூம் பாருங்கள் தம்பி, டர்போ எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். அதாவது, டர்போவை இயக்கும் உறிஞ்சுதலைக் கைப் பம்பால் சோதிக்கச் சொன்னார். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஸ்கேனர் முதலில், கைப் பம்பு இரண்டாவது. டர்போவில் கை வைப்பது கடைசி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சாவி சொல்லும் சேதி

எந்தக் கருவிக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சாவியை. அணைத்துப் போட்டதும் முழு இழுவையும் திரும்பினால், அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தானாகவே எடுத்த முடிவு. எவ்வளவு டர்போ அழுத்தம் வேண்டும் என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உள்ளே வரும் அழுத்தம் அந்தக் கணக்குக்குச் சில விநாடிகள் கூடியோ குறைந்தோ நின்றால், எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். சாவியைத் தொடாமலேயே இழுவை போவதும் வருவதுமாக இருந்தால் கதை பெரும்பாலும் வேறு. அடைத்த டீசல் ஃபில்டர், டீசலில் கலந்த தண்ணீர், காற்றளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஸ்கேனர்: எந்தத் திசையில் கோளாறு?

900 ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனர் என்னுடையது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் போனில் எண்கள் வரும். இதன் பெரிய உபகாரம் ஒன்றே ஒன்று: அழுத்தம் குறைந்ததா, கூடியதா என்று சொல்லிவிடும். கணினி பதியும் கோளாறுக் குறியீடு பி 0299 என்றால் போதாத அழுத்தம், பி 0234 என்றால் மிஞ்சிய அழுத்தம். இரண்டும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரிதான் தெரியும், வண்டி இழுக்காது. காரணங்களோ எதிரெதிர். கிழிந்த ஹோஸ், ஒழுகும் ஆக்சுவேட்டர் (டர்போவின் இறகுகளை அசைக்கும் டப்பா), வாய் பிளந்த இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாய் எல்லாம் அழுத்தத்தைக் குறைப்பவை. டர்போவுக்குள் பாயும் புகையைக் கட்டுப்படுத்தும் இறகுகள், மூடிய நிலையில் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டால் அழுத்தத்தை எகிற வைப்பவை. திசை தெரியாமல் பாகம் மாற்றுவது இருட்டில் கல் எறிவதுதான்.

இங்கே ஒரு வேண்டுகோள். பட்டறையில் வண்டியை விட்டதும் முதல் வேலையாகக் கோளாறுக் குறியீட்டை அழிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், பேட்டரி வயரையும் கழற்ற விடாதீர்கள். கோளாறு நடந்த நொடியில் எஞ்சின் என்ன சுற்றில் ஓடியது, எவ்வளவு பளு இருந்தது, வேகம் என்ன என்பதெல்லாம் பல கார்களில் அந்தக் குறியீட்டோடு சேர்ந்து பதிவாகியிருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அதுதான் நேரில் கண்ட சாட்சி. என் வண்டியில் முதல் முறை அதை ஒரு பட்டறையில் அழித்துவிட்டார்கள். மறுபடி பிடிக்க மூன்று வாரம் ஆனது.

ஸ்கேனரில் தெரியும் எண்ணைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்த அளவு. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். சேலத்தில் சுமார் 98 கிலோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) காட்டும், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சுமார் 85. வெறும் காற்றின் கனம் அது. ஆகவே மேலே போகப் போக, உதாரணமாக 200 கிலோபாஸ்கலைத் தொடுவதற்கு டர்போ இன்னும் கடுமையாக உழைக்க வேண்டும். மலையில் மட்டும் கோளாறு வருவதற்கு இது பாதிக் காரணம்.

குறையும் உண்டு. பழைய கார்களோடு இந்த மலிவான ஸ்கேனர்கள் மெதுவாகத்தான் பேசும். பத்து எண்களை ஒரே நேரத்தில் கேட்டால் ஒவ்வொன்றும் தாமதமாக வந்து சேரும், அதற்குள் அழுத்தம் எகிறித் தணிந்திருக்கும். டர்போ அழுத்தத்தையும் எஞ்சின் சுற்றையும் மட்டும் கேளுங்கள். போனை ஓட்டுநர் பார்க்கவே கூடாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். எனக்கு என் மைத்துனர் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பத்தாவது வளைவு தாண்டியதும், "நூறு, நூற்றுப் பத்து... இல்லை மாமா, நூற்று முப்பதிலேயே நிற்கிறது, ஏறவே மாட்டேன் என்கிறது" என்றார். அடுத்த நிமிடம் பி 0299 வந்தது. திசை தெரிந்துவிட்டது.

கைப் பம்பு: எந்த இடத்தில் கோளாறு?

ஸ்கேனருக்கு இடம் தெரியாது. அதற்கு 1,400 ரூபாய்க்குக் கிடைத்த கை வேக்யூம் பம்பு போதும். துப்பாக்கிபோல் பிடித்து அமுக்கினால் உறிஞ்சும், தலையில் ஒரு மீட்டர் இருக்கும்.

என் வண்டியின் டர்போவில் இறகுகளை ஒரு கம்பி இழுக்கிறது, கம்பியை ஒரு வேக்யூம் டப்பா இழுக்கிறது. உறிஞ்சுதல் கிடைத்தால் இறகுகள் மூடி அழுத்தம் ஏறும். கிடைக்காவிட்டால் திறந்தே கிடக்கும், வண்டி சோம்பிவிடும். மெக்கானிக் அந்தக் கம்பியில் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்தார். டப்பாவின் ஹோஸைக் கழற்றிப் பம்பை மாட்டி மெல்ல அமுக்கினார். மீட்டரில் நான்கைந்து பாதரச அங்குலம் (உறிஞ்சுதலை அளக்கும் அலகு) வந்தபோது புள்ளி நகரத் தொடங்கியது. பதினெட்டுக்குள் முழுத் தூரமும் வழுக்கிக்கொண்டு போய் முட்டி நின்றது. ஒரு நிமிடம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. டப்பாவும் இறகுகளும் அன்றைக்கு நலம். 28,000 ரூபாய்ச் செலவு ஒரு நிமிடத்தில் மிச்சமானது.

பிறகு அவர் ஹோஸ்களைத் தடவ ஆரம்பித்தார். கண்ணால் பார்க்கவில்லை, விரலால் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். உறிஞ்சுதலைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலனாய்டு வால்விலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸ், வெப்பத் தகட்டின் விளிம்பில் உரசும் இடத்தில், நேராக இருக்கும்போது புத்தம் புதிதுபோல இருந்தது. மடக்கியதும் துணிப் பின்னலுக்கு அடியில் ரப்பர் நகக்கண் அளவுக்கு வாய் திறந்தது. எஞ்சின் சூடேறி, ரப்பர் இளகி, மலையில் எஞ்சின் ஆடும்போதுதான் அது திறந்திருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

உயரமும் இங்கே வேலை செய்கிறது. வேக்யூம் என்பது வெளிக்காற்றுக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசம்தானே? ஏற்காட்டில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால், சேலத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ 4 பாதரச அங்குலம் குறைவாகத்தான் எந்தப் பம்பும் தர முடியும். சிறு ஒழுக்கு சமவெளியில் மன்னிக்கப்படும், மேலே மன்னிக்கப்படாது. பட்டறையில் நலமாக இருக்கும் வண்டி மலையில் படுப்பதற்கு மீதிப் பாதிக் காரணம் இது.

மூன்று மீட்டர் கனமான புது ஹோஸ் 240 ரூபாய். மெல்லிய சுவர் கொண்டதை வாங்க வேண்டாம், உறிஞ்சுதலில் அது தானே நசுங்கிக்கொள்ளும்.

கைப் பம்பு எல்லா வண்டிக்கும் உதவாது. சில டர்போக்களின் இறகுகளை மின் மோட்டார் இயக்குகிறது, அங்கே பம்புக்கு வேலையே இல்லை. இறகுகள் இல்லாத பழைய வகை டர்போக்கள் பலவற்றில் டப்பா காற்றழுத்தத்தால் இயங்கும். அவற்றைச் சோதிக்க உறிஞ்சும் பம்பு அல்ல, ஊதும் பம்பு வேண்டும். உங்கள் டர்போ எந்த வகை என்று தெரிந்துகொண்டு செலவு செய்யுங்கள்.

எந்தச் சாலையில் சோதிப்பது?

நான் ஏற்காட்டை நம்பியது ஓரளவுதான் சரி. வளைவுக்கு வளைவு காலை எடுக்க வேண்டியிருப்பதால் பளு விட்டு விட்டுத்தான் விழும். உயரத்தால் வெளிப்படும் ஒழுக்கைப் பிடிக்க அது சிறந்த இடம். நீண்ட பளுவில் மட்டும் வரும் கோளாறுக்கு, அடைத்த டீசல் ஃபில்டருக்கோ பிளந்த இன்டர்கூலர் குழாய்க்கோ, சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூரில் வரும் ஏற்றம் மேல். நான்காம் கியரில் தொடர்ந்து மிதிக்க இடம் இருக்கிறது. ஆனால் எதிர்ப்பக்கம் இறங்கும் லாரிகளால் விபத்துக்குப் பேர்போன இடம் அது. போகும் வழியில் மட்டும் பாருங்கள், அதிகாலையில் பாருங்கள், சோதனைக்காக ஓரம் நிறுத்த வேண்டாம்.

பிறகு டர்போவே சிக்கியபோது

ஹோஸ் மாற்றி இரண்டு மாதம் கழித்து, பதினான்காவது வளைவில் மறுபடியும் படுத்தது. மனம் நொந்துபோனேன். ஸ்கேனரில் இந்த முறை பி 0234. எதிர்த் திசை. பம்பை மாட்டினால் வெள்ளைப் புள்ளி பாதி வழியில் தயங்கி, பிறகு வெடுக்கென்று தாவியது. ஒழுகும் ஹோஸோடு மாதக் கணக்கில் மலையேறியதில் இறகுகள் முழுத் தூரம் அசையாமலேயே இருந்திருக்கின்றன, அசையாத இடத்தில் மெல்லப் படியத் தொடங்கிய கரி இப்போது அவற்றைச் சிக்க வைத்துவிட்டது.

இப்போதும் அதே 28,000 ரூபாய் யோசனை வந்தது. அதற்கும் இரண்டு மாற்றுகள் இருந்தன. ஒன்று, காற்றுக் குழாய் வழியே தெளிக்கும் திரவம். அதை நான் நம்பவில்லை, தெளிப்பது ஒரு பக்கம், கரி இருப்பது சூடான மறு பக்கம். மற்றொன்று, டர்போவைக் கழற்றி, சூட்டுப் பக்க உறையை மட்டும் பிரித்து இறகு வளையத்தைச் சுத்தம் செய்வது. நடுவில் உள்ள சுழலும் பகுதியைப் பிரிக்கவே கூடாது, நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றும் அதன் சமநிலை கெட்டுவிடும். இறகுகள் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னத் திருகையும் தொடக்கூடாது. கோரிமேட்டு மெக்கானிக் அதைத் தொடாமல் இரண்டு நாளில் முடித்தார், கேஸ்கெட் உட்பட 6,500 ரூபாய். அச்சில் ஆட்டம் இருந்திருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால், பழுது நீக்கிய டர்போவுக்கே நானும் சம்மதித்திருப்பேன். விரலால் ஆட்டிப் பார்த்தோம், ஆட்டம் இல்லை.

போன ஞாயிறு வீட்டார் நான்கு பேரோடு ஏறினேன். பத்தாவதில் என் கை தானாகச் சாவிப் பக்கம் போனது, தேவைப்படவில்லை. இருபதாவது வளைவில் மைத்துனர் போனைப் பார்த்து, "இருநூற்று ஐந்து மாமா" என்றார்.