பகிர்வு ஹோஸ்டிங்கா, விபிஎஸ்ஸா?

புதுச்சேரியில் கடற்கரையோரம் சிறு விடுதி நடத்துபவரின் இணையதளத்துக்குச் சாதாரண நாள்களில் பகிர்வு ஹோஸ்டிங்கே (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது) தாராளம். டிசம்பர் 31 நெருங்கும்போதுதான் வினை: கிளவுட்லினக்ஸ் (ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு வைக்கும் இயங்குதளம்) ஓடும் சர்வரில், ஒரே நேரத்தில் நுழையும் கோரிக்கைகள் வரம்பைத் தொட்டால் 508 பிழை வரும். வட்டில் இடமிருந்தும் படம் ஏறவில்லையா? ஐநோடு எண்ணிக்கையை, அதாவது கணக்கிலுள்ள கோப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்; அதற்கும் வரம்பு உண்டு. ஒரு கேபி மின்னஞ்சலும் அங்கே ஒரு கோப்புதான். விரைவாகக் காட்டச் சேமித்து வைத்த பக்க நகல்களான பழைய கேஷ் குப்பையும் கணக்கில் சேரும்.

விபிஎஸ்ஸில் (தனக்கென வளங்கள் ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) இந்த நெருக்கடி குறைவு. ஆனால் நினைவகம் தீர்ந்தால் சர்வரின் இயங்குதளமான லினக்ஸே, தளத்தின் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிடலாம். நள்ளிரவில் அதை எழுப்ப ஆள் வேண்டும். (விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) ஆள் இல்லாதவர் பகிர்விலேயே இருந்து, பக்கங்களுக்குக் கேஷ் போட்டு, வேண்டாத பாட்களை (தளத்தைத் தானாக மேயும் நிரல்கள்) தடுக்கட்டும்.