1799இன் சிவப்புக் கோட்டு தைக்க எதை நம்புவது?

1799இல் நடக்கிற கதை. கட்டபொம்மன், மேஜர் பானர்மன், கயத்தாறு. மேடையேறும் கும்பினிச் சிப்பாய்க்குக் காக்கி டிராயரும், துரைக்கு வெள்ளைத் தக்கைத் தொப்பியும் மாட்டி அனுப்பிவிடுவது நம் ஊர் நாடகங்களில் சர்வ சாதாரணம். காக்கி முதலில் தலைகாட்டியது 1840களின் கடைசியில், பெஷாவர் பக்கம் இருந்த கைட்ஸ் படையில். அதுவே பிரிட்டிஷ் ராணுவம் முழுவதற்கும் போர் உடுப்பானது 1902இல். பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தவன் போட்டிருந்தது சிவப்புக் கோட்டு.

சரி, சிவப்பு என்று முடிவாயிற்று. எந்தச் சிவப்பு? காலர் எவ்வளவு உயரம்? பட்டனில் என்ன இருக்கும்? இதற்கெல்லாம் விடை தேடப் போனால் பல வழிகள் இருக்கின்றன: ராணுவ ஆணைகள், மியூசியத்தில் மிஞ்சிய உடுப்புகள், ஓவியங்கள், புகைப்படங்கள், இக்காலப் படப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிந்துகட்டிக்கொண்டு வாதாட ஆள் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணியை வெட்டுவதற்கு மிஞ்சிய உடுப்பு. அதை ஆள்மீது போட்டு நிறுத்துவதற்கு ராணுவத்தின் புகார்க் காகிதங்கள். மற்றதெல்லாம் துணைக்கு.

பெரும்பாலோர் தொடங்குவது ஆணைகளில்தான். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1751இலும் 1768இலும் வந்த அரச ஆணைகள் ரெஜிமெண்ட் வாரியாகக் காலர் நிறம், கைப்பட்டை நிறம், லேஸின் கோடு எல்லாம் சொல்லிவிடுகின்றன. 1767இலிருந்து பட்டனில் ரெஜிமெண்ட் எண் இருக்க வேண்டும். 1768 ஆணை மார்பு மடிப்பின் அகலம் 3 அங்குலம் என்று அளவே கொடுக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டையிட்ட 12ஆம் ரெஜிமெண்ட்டுக்கு மஞ்சள் காலர். ஆர்தர் வெல்லஸ்லியின் (பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர்) 33ஆம் ரெஜிமெண்ட்டுக்குக் காலரும் சிவப்பே. சிவப்புமேல் சிவப்பு எடுபடாதே என்று தைப்பவர் தானாக நீலம் வைத்துவிடக் கூடாது. அதைத் தடுக்க ஆணை வேண்டும்தான்.

ஆனால் ஆணையை வைத்து ஒரு கையைக்கூட வெட்ட முடியாது. தோள் தையல் எங்கே விழ வேண்டும், முதுகு எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இராது. அந்தக் காலத்து நடைமுறை அப்படி. ஒரு மாதிரி உடுப்பு தைத்து, அரக்கு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள். 'மாதிரியைப் போல' என்று ஆணை சொன்னால் போதும், தையல்காரர் அதைப் பார்த்துக்கொள்வார். நமக்கு ஆணை கிடைத்திருக்கிறது, அது சுட்டும் மாதிரி பெரும்பாலும் கிடைக்கவில்லை. போதாததற்கு, 1850களின் நடுப்பகுதிவரை உடுப்பு வாங்கும் பொறுப்பு அந்தந்த ரெஜிமெண்ட்டின் கர்னலுடையது. அவர் பிடித்த ஒப்பந்தக்காரர், அவர் கொடுத்த துணி. ஒரே ஆணையின் கீழ் இரண்டு ரெஜிமெண்ட் இரண்டு விதமாக நின்றதில் ஆச்சரியமில்லை. அதிகாரிகளுக்கென்று தனி உடை விதிநூல் வந்தது 1822இல்தான். 1799க்கு அது உதவாது.

போர்க்களத்துக்கு வந்தால் ஆணை இன்னும் இளைத்துப்போகும். ஸ்பெயினில் வெலிங்டனின் கீழ் இருந்த கிராட்டன் என்ற அதிகாரியின் நினைவுக் குறிப்பு ஒன்று உண்டு. ஆளுக்கு 60 தோட்டாவோடு படை வந்து நின்றால் போதும், கால்சட்டை கறுப்பா நீலமா சாம்பலா என்று வெலிங்டன் பார்த்ததே இல்லை என்கிறார். அந்தப் படைக்குப் புத்தம்புதிதாக, ஒரே நிறத்தில், இஸ்திரி மடிப்போடு தைத்துக் கொடுத்தால் ஆணைப்படி சரி, நடப்புப்படி தப்பு.

அதனால்தான் புகார்க் காகிதங்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். லண்டனில் கியூ என்னும் இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ரெஜிமெண்ட்டுகளைச் சோதித்த அதிகாரிகளின் அறிக்கைகள் வரிசையாக இருக்கின்றன. உடுப்பு மோசம், விதிக்கு மாறான தொப்பி என்கிற மாதிரி குறைகள். இவை தவிர, ஓடிப்போன சிப்பாயைப் பிடிக்கச் செய்தித்தாளில் கொடுத்த விளம்பரங்கள். ஓடியபோது உடம்பில் என்ன இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். யாரையும் அழகாகக் காட்டும் நோக்கம் இல்லாத எழுத்து இது.

இந்த வகையில் நமக்குப் பக்கத்திலேயே கிடக்கும் புதையல் வேலூர். 1806 ஜூலை 10இல் கோட்டைக்குள் நடந்த கலகத்துக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று உடுப்பு. மதராஸ் படைத்தளபதி ஜான் கிராடக் காலத்தில் வந்த விதி, சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றது. கூடவே தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. பார்வைக்கு வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி. கலகத்துக்குப் பிறகு விசாரணை நடந்தது. அந்தக் காலத்து மதராஸ் அரசின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

உடை தைப்பவர் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். 1806இல் தடை போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை அது வழக்கத்தில் இருந்திருக்கிறது. ஆக, 1799இன் மதராஸ் சிப்பாய் சிவப்புக் கோட்டுக்கு மேலே திருநீறோ நாமமோ இட்டு, கடுக்கனும் போட்டு நின்றிருப்பார். எந்த உடை ஆணையும் இதை நேராகச் சொல்லாது. ஓர் ஆளுக்குக் கடுக்கன் போட்டு மேடையேற்ற ஆகும் செலவு ஒன்றுமில்லை. மொத்தக் காட்சிக்கும் அது தரும் உயிரைப் பட்டன் தராது.

இனி உடுப்புக்கு வருவோம். லண்டன் செல்ஸீயில் உள்ள தேசிய ராணுவ மியூசியத்தின் சேகரிப்பை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பார்க்கும்போது மனதில் வைக்க வேண்டியது, மிஞ்சியவை பெரும்பாலும் அதிகாரிகளுடையவை என்பது. அவர்கள் கோட்டு அவர்கள் சொந்தச் சொத்து, குடும்பம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது. சாதாரணச் சிப்பாயின் கோட்டு கிழியும்வரை உழைத்து, அப்புறம் வெட்டப்பட்டு வேறொன்றாக மாறிவிடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அதிகாரியின் கோட்டு பார்த்துச் சிப்பாய்க்குத் தைத்தால் நிறத்திலேயே மாட்டிக்கொள்வோம். அதிகாரியின் சிவப்பு கொச்சினீல் பூச்சிச் சாயம், பளீரென்று இருக்கும். சிப்பாயின் சிவப்பு மஞ்சிட்டி வகை வேர்ச் சாயம், செங்கல் பக்கம் சாயும். மியூசியப் படத்தில் தெரியும் நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். இருநூறு வருட வெளிச்சம் பட்டது. காலர் மடிப்புக்கு உள்ளே, தையல் ஓரத்தில் தெரியும் நிறம்தான் பழைய நிறத்துக்குக் கிட்ட வரும்.

ஆனால் வெட்டு விஷயத்தில் அதிகாரி கோட்டும் சிப்பாய் கோட்டும் உறவுக்காரர்கள். முதுகுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். தோள் தையல் தோளின்மேல் இராது, பின்னால் இறங்கித் தோள்பட்டை எலும்புமேல் ஓடும். பக்கத் தையல்கள் இரண்டும் வளைந்து நடுமுதுகை நோக்கி நெருங்கும், முதுகுத் துண்டு அவ்வளவு ஒடுக்கம். கைக்குழி உயரமாக, பின்தள்ளி இருக்கும். கை முழங்கையில் வளைந்தே வெட்டப்பட்டிருக்கும். போட்டவுடன் ஆள் நெஞ்சு நிமிர்ந்து தோளைப் பின்னுக்கு இழுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. இதை விட்டுவிட்டு இன்றைய பிளேசர் பேட்டர்னில் சிவப்புத் துணியை வெட்டினால், லேஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியக்காரர்தான் வந்து நிற்பார்.

இன்னொன்று ஓரம். அந்தக் காலக் கம்பளித் துணி நனைத்து அடித்து இறுக்கப்பட்டது, வெட்டினால் பிசிறு வராது. அதனால் பல இடங்களில் ஓரத்தை மடிக்கவே மாட்டார்கள், வெட்டியது வெட்டியபடி நிற்கும். நம் டெய்லரிடம் சொல்லாமல் விட்டால் பழக்கதோஷத்தில் ஓவர்லாக் போட்டு மடித்துத் தைத்துவிடுவார். காலர் முனை தடித்துப்போகும். துணி கிடைக்காமல் பாலியெஸ்டரில் தைப்பவர்களுக்கு வேறு வழியில்லை, மடித்துத்தான் ஆக வேண்டும். அங்கேயாவது மெல்லிசாக மடிக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சிய உடுப்பிலும் பொய் உண்டு. பேரப்பிள்ளைகள் மாறுவேட விருந்துக்காகப் பிரித்துத் தைத்திருப்பார்கள், பட்டன் மாற்றியிருப்பார்கள். யார், எந்த நாளில் போட்டது என்று உறுதியாகத் தெரிந்தவை அபூர்வம். கிரீனிச் மியூசியத்தில் உள்ள, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் டிரஃபால்கர் சண்டையில் போட்டிருந்த கோட்டு அப்படி ஒன்று: 1805 அக்டோபர் 21, இடது தோளில் குண்டு துளைத்த ஓட்டையோடு. அது கடற்படை நீலம், நம் வேலைக்கு உதவாது என்பது வேறு விஷயம்.

ஓவியத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வரைந்தவர் எங்கே இருந்தார் என்பதுதான். ராபர்ட் ஹோம் 1791இல் மதராஸுக்கு வந்து கார்ன்வாலிஸின் படையோடு மைசூர்ப் போருக்கே போனவர். திப்புவின் பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் அவருடைய படத்தில், இந்த வெயிலில் உடுப்பு மனித உடம்பில் எப்படித் தொங்கியது என்று பார்த்தவர் கண் தெரிகிறது. அடுத்து வந்த மைசூர்ப் போரின் முடிவை, 1799 ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலை, ராபர்ட் கெர் போர்ட்டர் மறு வருஷமே லண்டனில் பிரம்மாண்டமாக வரைந்து காட்சிக்கு வைத்தார். அவர் அப்போது இந்தியாவையே பார்த்ததில்லை. ஆனால் இணையத்தில் அதன் அச்சுப்படங்கள்தான் சுற்றிச்சுற்றி வருகின்றன, நாடகக்காரர்கள் அவற்றைத்தான் பிரதி எடுக்கிறார்கள்.

அதற்காகப் பின்னால் வரைந்ததெல்லாம் குப்பை என்றும் சொல்ல முடியாது. லேடி பட்லர் என்ற ஓவியர், நெப்போலியன் படைக்கு எதிரான 1815இன் குவாத்ர பிரா சண்டையை வரைந்து காட்சிக்கு வைத்தது 1875இல். அறுபது வருஷ இடைவெளியை ஈடுகட்ட அவர் பழைய மாதிரிச் சீருடைகளைத் தைக்கவைத்து, சிப்பாய்களைச் சதுர வியூகமாக நிறுத்தியும் பார்த்தார். நம்மைப் போலவே ஆராய்ச்சி செய்தவர். அவர் படம் நல்ல துணை, ஆதாரம் அல்ல.

புகைப்படம் 1799க்குக் கிடையாது, எனவே சுருக்கமாக முடிக்கிறேன். கிரிமியப் போருக்கு 1855இல் ரோஜர் ஃபெண்டன் எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்தக் கால ரசாயனம் சிவப்பைக் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் காட்டும். நிறத்தை அதில் தேடாதீர்கள்; சுருக்கம், தொய்வு, எந்த பட்டன் போடாமல் விட்டிருக்கிறது என்பதைத் தேடுங்கள். முதல் உலகப் போர் உடுப்பு தைப்பவர்களுக்கோ புகைப்படமே ராஜா. 1902 மாதிரியில் தோளில் இருக்கும் ஒட்டுத்துணி 1914இன் எளிய மாதிரியில் இல்லை; இதைப் படத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

கடைசியாக, கடையில் கிடைக்கும் வண்ணப்படப் புத்தகங்களும் விலைக்கு விற்கும் பேட்டர்ன்களும். புத்தகத்தை எதை எங்கே தேடுவது என்று காட்டும் அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். ஓவியர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தையே வரைவார்கள், முதுகு அனுமானம். இரண்டு புத்தகம் ஒன்றையே சொன்னால் உறுதியாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். இரண்டுமே ஹாமில்டன் ஸ்மித்தின் 1812-15 படங்களிலிருந்து எடுத்திருக்கலாம். அவர் படையில் இருந்துகொண்டே வரைந்தவர், நேராக அவரிடமே போய்விடலாம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின் ராணுவச் சேகரிப்பில் இதுபோன்ற அச்சுப்படங்கள் ஏராளம், இலவசமாகப் பார்க்கலாம். விலைக்கு வரும் பேட்டர்னில் நல்லதும் உண்டு. எதுவானாலும் முதலில் காடாத் துணியில் வெட்டி, கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

கையில் காசு குறைவாக இருந்தால் என் வரிசை இது. கைத்தையல் வேண்டாம், மெஷின் போதும். பத்தடி தள்ளி யாருக்கும் தெரியாது. காஜாவும் மெஷினிலேயே அடிக்கலாம். எண் பொறித்த பட்டன் கேமரா கிட்டே வந்தால் மட்டும், அதுவும் முன்வரிசை ஆட்களுக்கு மட்டும். முதுகு வெட்டிலும் கைக்குழியிலும் மட்டும் பேரம் பேசாதீர்கள். மேடையில் சிப்பாய் பாதி நேரம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்.