பிள்ளை பிறந்த பிறகு வரும் பத்து நாள்: திருகோணமலையில் எந்த ஆஸ்பத்திரி?

ஏழாம் மாதம் தாண்டியதும் வீட்டில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். எந்த டொக்டர், நோமலா சிசேரியனா, அறையில் ஏசி இருக்கா. பிள்ளை கைக்கு வந்த பிறகு தாயையும் பிள்ளையையும் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில வீடுகளில் வருவதேயில்லை.

ஆபத்துகளுக்கு ஒரு நாட்கணக்கு உண்டு. இரத்தப்பெருக்கு பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும். பிரசவத்தோடு பிரஷர் இறங்கிவிடும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள்தான் உச்சத்துக்கு ஏறும். பிள்ளையின் தோல் மஞ்சளாகும் செங்கமாரி 3 முதல் 5ஆம் நாள் வரை கூடும். மார்பில் பால் கட்டி வலிப்பதும் அதே நாட்களில். தையல் புண் பழுப்பது 4ஆம் நாளுக்குப் பிறகு. இந்த நாட்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் நினைத்து, அந்தந்த நாளில் தாய் எங்கே படுத்திருப்பாள், பக்கத்தில் பயிற்சி பெற்றவர் யார் இருப்பார் என்று நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறதோ அதுதான் அந்த ஆஸ்பத்திரியின் பலவீனம்.

நகரத்துப் பெரியாஸ்பத்திரி

திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் பலம் முதல் இரண்டு மணித்தியாலத்தில் தெரியும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒருக்கால் நாடி, பிரஷர், இரத்தப்போக்கு, கருப்பையின் இறுக்கம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். தொப்புளை ஒட்டிக் கருப்பை உருண்டு திரண்டு கல்லாக நின்றால் நல்லது. மெத்தென்று இருந்தால் உள்ளே இரத்தக்குழாய்கள் மூடவில்லை என்று பொருள். பல தடவை இதற்குக் காரணம் வெறும் சிறுநீர்ப்பை. அது நிறைந்து நின்றால் கருப்பையை மேலே தள்ளி, சுருங்கவிடாமல் வைத்திருக்கும். அனுபவப்பட்ட மிட்வைஃப் முதலில் சலம் போக வைப்பார், பிறகு கருப்பையைத் தேய்ப்பார், அதற்கும் அடங்காவிட்டால் ஊசி, இரத்தம், தியேட்டர் என்று படிப்படியாகப் போவார்கள். நோமல் பிரசவத்தில் அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனாலே அது பெருக்குத்தான். இந்தப் படிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போவதன் முழு நியாயம். குழந்தை மூச்சுக்குத் திணறினாலும் அதே வளவுக்குள் சிசுப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

பலவீனம் அடுத்த நாளில் இருக்கிறது. கட்டில் நெருக்கடி, இரவில் ஒரு தாதிக்குப் பல தாய்மார், பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே போகச் சொல்லும் மணி. சிசேரியன் செய்த பெண் முதல் இரவில் பிள்ளையைத் தானாகத் தூக்கி மார்பில் வைக்க முடியாது. இரவில் துணைக்கு ஒரு பெண் நிற்கலாமா என்று கிளினிக்குக்குப் போகும்போதே விடுதியில் கேட்டு வையுங்கள். சிக்கலில்லாத நோமல் பிரசவம் என்றால் 24 மணித்தியாலத்தில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அது பொதுவான நடைமுறைதான், தவறில்லை. ஆனால் பால் இன்னும் ஊறவில்லை, செங்கமாரி இன்னும் ஏறவில்லை, பிரஷர் உச்சத்துக்கு வரவில்லை. அதாவது நாட்கணக்கில் பாதிக்கு மேல் வீட்டில்தான் கழியப்போகிறது.

தனியார் ஆஸ்பத்திரி

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் நிபுணரே மாலையில் தனியாரிடத்தில் பார்ப்பது இலங்கை முழுக்க வழக்கம். கத்தி பிடிக்கும் கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. காசு கொடுத்து வாங்குவது அறை, நித்திரை, அமைதி, பக்கத்தில் அம்மா. பிள்ளை பெற்ற உடம்புக்கு நித்திரை சாதாரண விசயமில்லை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட்க வேண்டியது, நிபுணர் வீட்டுக்குப் போன பிறகு இரவு 2 மணிக்கு அந்தக் கட்டிடத்தில் யார் இருக்கிறார் என்பதே.

பதிவு செய்யும் முன் நேரில் போய் ஐந்து விசயம் கேளுங்கள். இரவுக் கடமையில் பயிற்சி பெற்ற மிட்வைஃப் உண்டா, அல்லது உதவியாளர் மட்டுமா? குழந்தை நல வைத்தியர் 24 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை, வீட்டுக்குப் போகும்போது ஒருமுறை பார்ப்பாரா, அதற்குக் கட்டணம் தனியா? செங்கமாரிக்கு நீல வெளிச்சத்தில் வைக்கும் கருவி அங்கேயே இருக்கிறதா? இரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து, எத்தனை நிமிடத்தில் வரும்? கடைசிக் கேள்வி முக்கியமானது: பிள்ளைக்கு மூச்சு முட்டினால் எதில் ஏற்றி எங்கே அனுப்புவீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரி என்றுதான் வரும். அப்படி ஆகும்போது நடப்பதை யோசியுங்கள். பிள்ளை அங்கே சிசுப் பிரிவில், தாய் வயிற்றில் தையலோடு இங்கே அறையில். முதல் மூன்று நாள் பால் கறக்காவிட்டால் பிறகு ஊறுவது கடினம். ஆகவே 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், இரவு உட்பட நாளுக்கு 8 தடவை கையால் கறக்க வேண்டும். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிகூட வராது. அந்தச் சீம்பாலைச் சுத்தமான சிறு கிண்ணத்திலோ சிரிஞ்சிலோ எடுத்து மூடி, பெயரும் நேரமும் எழுதி, அப்பாவோ மாமாவோ மோட்டார்சைக்கிளில் கொண்டு போக வேண்டும். கையால் கறக்கக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் அடுத்து மேசைக்கு வருவது பால்மா டின்தான்.

பால்மா விசயத்தில் தனியறைக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. பெரிய விடுதியில் போத்தல் எடுத்தால் மிஸ்ஸி சத்தம் போடுவார். தனியறையில் பிள்ளை அழுதால் அம்மம்மா சீனித்தண்ணி கலக்குவார், தடுக்க யாரும் இல்லை. புதிதாகப் பிறந்த பிள்ளையின் வயிறு முதல் நாளில் மிகச் சிறியது. சீனித்தண்ணியால் நிறைந்தால் மார்பைத் தேடாது, தேடாவிட்டால் பால் ஊறாது.

காசநோய்த் தடுப்பு ஊசியான பீசிஜியும் கவனிக்க வேண்டியது. அரச வைத்தியசாலையில் வீட்டுக்குப் போகும் முன் போட்டு அனுப்புவார்கள். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும், திறந்தால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதை வீச வேண்டும். பிரசவம் குறைந்த இடங்களில் அதனால் உடனே போடாமல், பிறகு கிளினிக்கில் போடச் சொல்லக்கூடும். தைரொயிட் குறையைக் கண்டுபிடிக்கக் குதிக்காலில் குத்தி எடுக்கும் இரத்தமும் கவனிக்க வேண்டியது. 24 மணித்தியாலம் கழிந்த பிறகு எடுப்பதே சரி. இரண்டும் நடந்ததா என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுத்தில் பாருங்கள், வாய்ச்சொல் போதாது.

மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை

பெரியாஸ்பத்திரிக்கு அடுத்த படியான ஆதார வைத்தியசாலை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்கள் கணிப்பு வேறு. இது இரண்டாவது மூன்றாவது பிள்ளை, முந்தியவை நோமல், சீனி வருத்தமோ பிரஷரோ இரத்தச்சோகையோ இல்லை, வீடு மூதூரிலோ தோப்பூரிலோ என்றால், பிறந்த பிறகான கவனிப்பில் பக்கத்து ஆதார வைத்தியசாலைதான் முந்துகிறது. நெருக்கடி குறைவு. சாப்பாடு சுடச்சுட வீட்டிலிருந்து வரும். 4ஆம் நாள் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் அரை மணித்தியாலத்தில் காட்டலாம். தூரம் குறைந்தால்தான் மக்கள் திரும்பக் காட்டுவார்கள். பஸ் இரண்டு மாற வேண்டும் என்றால் "நாளைக்குப் பார்ப்பம்" என்றுதான் சொல்வார்கள், செங்கமாரி நாளை வரை காத்திருக்காது.

ஆனால் ஒரு நிபந்தனை. உங்களுக்கு நாள் குறித்திருக்கும் மாதத்தில் மகப்பேற்று நிபுணரும் மயக்க மருந்து வைத்தியரும் அங்கே கடமையில் இருப்பார்களா என்று கேட்க வேண்டும். இடமாற்றம், லீவு என்று ஒருவர் இல்லாவிட்டாலும் தியேட்டர் நின்றுவிடும், ஆளை நகரத்துக்கு மாற்றுவார்கள். 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவுக்கு இது பெரிய சிக்கலில்லை, பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. வெருகல், ஈச்சிலம்பற்று, புல்மோட்டைப் பக்கத்தாருக்கு நேரக்கணக்கு வேறு. 36ஆம் கிழமைக்குப் பிறகு அவர்கள் நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது பற்றி யோசிக்கலாம்.

கந்தளாய் பற்றி ஒரு சிறு குறிப்பு. அங்கே தாதியரில் பலர் சிங்களம் பேசுபவர்கள். பிரசவ வலிக்கு மொழி தேவையில்லை, பால் கொடுக்கக் கற்பதற்குத் தேவை. சிங்களம் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்புக்குப் போவது

1879இல் தொடங்கிய சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் சிக்கலான கர்ப்பத்துக்கு நாட்டின் முதல் தரமான இடங்கள். பிள்ளையின் இதயத்தில் குறை என்று ஸ்கேனில் தெரிந்தால், தாய்க்கே இதய வருத்தம் என்றால், நிபுணர் அனுப்பினால் தாராளமாகப் போங்கள். வெறும் மனத்திருப்திக்குப் போவதென்றால் திரும்பி வரும் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். சுமார் 260 கிலோமீற்றர், வானில் ஆறு மணித்தியாலம் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய கிழமைகளில் காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து கூடியிருக்கும், சிசேரியன் என்றால் இன்னும் கூட. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிறுத்தி நடக்க வேண்டும். பத்து நாளாவது அங்கே தங்கி வர இடம் இருந்தால் மட்டும் இந்தத் தெரிவு நியாயமாகும்.

துண்டு வெட்டும் நேரம்

எந்த ஆஸ்பத்திரியின் தரமும் இந்த அரை மணித்தியாலத்தில் வெளிச்சமாகிவிடும். "பிள்ளை பால் குடிக்குதா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனால் அது கவனிப்பில்லை. நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும். பிள்ளையின் வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் முட்டி, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போயிருக்க வேண்டும். கன்னம் உள்ளே குழியக்கூடாது. இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். முலைக்காம்பு தொடர்ந்து வலித்தால் பிடி பிழை. சுண்டுவிரலை வாயோரம் விட்டுக் கழற்றி மறுபடி வைக்க வேண்டும், இழுக்கக்கூடாது. இப்படிச் செய்து காட்டும் ஒரு மிட்வைஃப் இருக்கும் விடுதி, டைல்ஸ் போட்ட பத்து அறைக்குச் சமம்.

தாய் சலம் போனாரா என்பதை 6 மணித்தியாலத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை 24 மணித்தியாலத்துக்குள் சலமும் கறுப்பு மலமும் போயிருக்க வேண்டும். தாயின் இரத்தம் நெகட்டிவ், பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவ் என்றால் அடுத்த பிள்ளையைக் காக்கத் தாய்க்கு 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி. தாய் ஓ வகை என்றால் செங்கமாரி வேகமாக ஏற வாய்ப்புண்டு, 3ஆம் நாளிலேயே திரும்பக் காட்டத் திகதி கேளுங்கள். பிறந்த நிறையும் போகும் நாளின் நிறையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். முதல் நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் பால் போதவில்லை. 6ஆம் நாளிலிருந்து ஒரு நாளுக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். பம்பர்ஸ் கட்டினால் இந்தக் கணக்குத் தெரியாது, முதல் கிழமைக்குப் பருத்தித் துணியே நல்லது.

சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிள்ளையைத் தொப்பி, கையுறை, கம்பளி என்று சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். உடம்பு கொதிக்கும், பால் குடிக்கச் சோரும், காய்ச்சல் என்று மறுபடி விடுதிக்கு வரும். ஒரு பருத்திச் சட்டை, ஒரு மெல்லிய துணி போதும். காயச்சரக்கும் பத்தியக் கறியும் தாய்க்குச் சாப்பாடாக நல்லதுதான், ஆனால் "தண்ணி குடிச்சால் வயிறு வைக்கும்" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வேது குளிக்கும்போது சிசேரியன் தையலில் கொதிநீர் படக்கூடாது.

தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுக்க நனைவது, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், பிள்ளையின் உள்ளங்கால் வரை மஞ்சள்: எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். தாய் நித்திரையின்றி அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் மனநல உதவி இலக்கமான 1926இல் பேசலாம்.

மீதி நாட்களை நிரப்புவது உங்கள் பகுதி மிட்வைஃப். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை, பிறகு மூன்றாம் கிழமையளவில், பிறகு 42ஆம் நாளையொட்டி வீட்டுக்கு வருவது அவர் கடமை. தனியாரிடத்தில் பிறந்தால் அவருக்குத் தகவல் போகாமலே இருந்துவிடலாம். கர்ப்ப காலம் முழுக்க உவர்மலையில் பதிவு, பிள்ளை பெற்றதும் சாம்பல்தீவில் அம்மா வீடு என்றால் அங்கே வேறு மிட்வைஃப், பெயர் அவர் கொப்பியில் இல்லை. துண்டு வெட்டிய அன்றே இருவருக்கும் போன் எடுத்து, எந்த வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.