இலங்கைப் பாஸ்போட்டுக்கு ‘வேர்க்கிங் ஹொலிடே’ விசா விற்கிறார்கள், கவனம்!

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துப் பிள்ளைகளின் கண்ணில் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவுஸ்திரேலியாவுக்கு ‘வேர்க்கிங் ஹொலிடே’ விசா, அதாவது சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்யவிடும் விசா, எடுத்துத் தருகிறோம் என்று யார் வந்தாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த விசா இலங்கைப் பாஸ்போட்டுக்குக் கிடையவே கிடையாது.

அவுஸ்திரேலியா அதை 417, 462 என்று இரண்டு பிரிவாகக் கொடுக்கிறது. எந்தெந்த நாட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல் அந்நாட்டு உள்துறை இணையத்தளத்திலேயே இருக்கிறது. ஜப்பானும் கொரியாவும் முதல் பிரிவில். இந்தியா 2024இல் இரண்டாவதில் சேர்ந்தது, அதுவும் வருடத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில். இலங்கை இரண்டிலும் இல்லை.

என் தம்பியிடம் நான்கரை இலட்சம் வாங்கிய ஆள் அந்த இந்திய விஷயத்தை வைத்தே வலை விரித்தார். விசா கிடைத்த கதையைத் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் சொல்லும் வீடியோவை போனில் போட்டுக் காட்டி, “பாருங்கம்மா, நம்ம ஆளுங்கதான் போறாங்க” என்றார். நம்ம ஆளுங்க சரி, பாஸ்போட் வேறு ஆயிற்றே! கொழுந்து பறித்தே ஓய்வு பெற்ற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவருடைய ஈ.பி.எஃப். காசு முழுவதும் அதில் போனது. மிச்சத்துக்கு என் சங்கிலி அடகுக்கடையில் இருக்கிறது.

“பணியகத்தில பதிஞ்சிருக்கீங்களா சார்?” என்று தம்பி கேட்காமல் இல்லை. அவன் சொன்னது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை.

“நாங்க வேலைக்கு அனுப்பலியே தம்பி, ஹொலிடே விசாதானே எடுத்துத் தாறோம். அதுக்கு எதுக்குப் பணியகம்?”

கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் அதே மேசையில், ஆப்பிள் பறித்தால் மணிக்கு எவ்வளவு சம்பளம் என்று அச்சடித்த தாள் கிடந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஹொலிடே என்று பெயர் வைத்துவிட்டால் அது ஆள் சேர்ப்பு இல்லை என்றாகிவிடுமா?

அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ‘விசா’ வந்தது. கடிதத்தில் தம்பியின் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிப்பு, வரியைவிட்டு மயிரிழை இறங்கியும் இருந்தது. கூடவே, பாஸ்போட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டப்போவதாக ஒரு மாதிரிப் படம். அவுஸ்திரேலியா 2015 செப்டெம்பரிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. எல்லாம் கணினிப் பதிவுதான். வீவோ என்று அவர்களுடைய இணையச் சேவை ஒன்று இருக்கிறது. பாஸ்போட் இலக்கத்தையும் விசாக் கடிதத்திலுள்ள இலக்கத்தையும் போட்டால், விசா உண்மையா என்று காசில்லாமல் பார்க்கலாம். நான் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

கேட்கப் போனோம். ரசீதைப் பாருங்கள் என்றார். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதி, அடியில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று போட்டிருந்தது. விசா என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை! அடுத்த முறை போனபோது கடைக்குப் பூட்டு.

பொலிஸிலும் பணியகத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். காசு இன்னும் வரவில்லை. தம்பி வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இப்போது கைகொடுக்கிறது. ரசீதில் இல்லாத விசாவும் சம்பளமும் அவர் வாயாலேயே அதில் இருக்கின்றன. ஏற்கெனவே காசு கட்டியவர்கள் அப்படி இருப்பதை முதலில் பத்திரப்படுத்துங்கள், போனை மாற்றினாலும் அழித்துவிடாதீர்கள். பணியகத்தின் இலக்கம் 1989. காசு கொடுக்குமுன் அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கலாம்.

போன வாரம் பேஸ்புக்கில் புதுப் பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அதே அலுவலகப் படம், அதே குரல். இந்தமுறை நியூசிலாந்து வேர்க்கிங் ஹொலிடேயாம். அந்த நாட்டின் பட்டியலிலும் இலங்கை இல்லை.