ஷெரிஃப் ஆபீஸ் என்று போன் வந்தால் உஷார்

என் தங்கை கணவர் டல்லாஸ் பக்கம் இருக்கிறார், கிரீன் கார்டு. போன வாரம் ஒரு கேஸ் ஸ்டேஷன் பிட்காயின் மெஷினில் நாலாயிரம் டாலரைப் போட்டுவிட்டு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

போனில் பேசியவன் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் வேலை செய்யும் டெபுடி, அதாவது அவருக்குக் கீழ் உள்ள அதிகாரி என்றான். ஷெரிஃப் பெயர் சரி, திரையில் தெரிந்த நம்பரும் அந்த ஆபீஸுடையதே. "ஜூரிக்குக் கூப்பிட்டும் நீங்கள் வரவில்லை, உங்கள் பேரில் வாரன்ட் இருக்கிறது." ஜூரி என்பது கோர்ட்டில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. டெக்சஸில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் அதற்கு ஆள் எடுப்பதால், குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அழைப்பு வந்துவிடும். மாப்பிள்ளைக்கும் முன்பு வந்தது. குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்பியிருந்தார். அது போய்ச் சேரவில்லையோ என்று பயம். தயங்கியதும் அடுத்த அஸ்திரம்: "ஃபைல் எங்கள் மேலிடமான எஃப்.பி.ஐ.க்குப் போனால் இமிகிரேஷனுக்கு உத்தரவு போய்விடும். இப்போதே பாண்ட் (ஜாமீன் பணம்) கட்டினால் நானே முடித்துவிடுவேன்." மெஷின் வரைக்கும் போனை வைக்கவே விடவில்லை.

அந்த 'மேலிடம்' சுத்தப் பொய். நம் ஊரில் எஸ்.பி.க்கு மேல் டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி. என்று வரிசையாக இருப்பதால் நமக்கு அது நம்பும்படி இருக்கிறது. டெக்சஸில் 254 கவுன்டிக்கும் ஷெரிஃபை மக்கள்தான் 4 ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்டி ஜெயில், கோர்ட் நோட்டீஸ், நகர எல்லைக்கு வெளியே ரோந்து எல்லாம் அவர் பொறுப்பு. நகரப் போலீஸ் தனி, அதன் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கும். மாநிலப் போலீஸான டி.பி.எஸ். தனி. எஃப்.பி.ஐ. மத்திய அரசுடையது, ஷெரிஃபுக்கு அது பாஸ் கிடையாது. துப்பாக்கி வாங்குகிறவர்களைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி ஷெரிஃப்களைக் கட்டாயப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றமே 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது. சில ஷெரிஃப்கள் இமிகிரேஷனோடு ஒப்பந்தம் போட்டிருப்பது உண்மைதான். அதற்காக, வாரன்டைப் போனில் காசு வாங்கிக்கொண்டு ரத்து செய்யும் அதிகாரம் எந்த டெபுடிக்கும் இல்லை.

இப்படி யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிட்டு, கவுன்டி இணையதளத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ஜூரி விவரத்தைக் கோர்ட் கிளார்க்கிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

பணம் போய்விட்டதா? அன்றைக்கே மெஷின் ரசீதோடு உள்ளூர் போலீஸில் புகார் கொடுங்கள், இணையக் குற்றப் புகார்களுக்கான எஃப்.பி.ஐ.யின் ஐ.சி.3 தளத்திலும் பதியுங்கள். மாப்பிள்ளை இரண்டையும் செய்துவிட்டார். மெஷின் கம்பெனிதான் இன்னும் பதில் போடவில்லை.